சேரியிலிருந்து ஒரு வீட்டுப் பாடத்திட்டம்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது பற்றி நகரத்துத் தோழர்கள் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளை மார்க் எடுக்கும் எந்திரமாக்குகிறது, ஆகவே பெற்றோரே பிள்ளையின் போக்குக்கு ஏற்ற பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்கள், வன்கொடுமை வழக்கு என்றால் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி வரைக்கும் வருகிறவர்கள். அவர்களில் ஒருவர் என் மகள் விஷயமாகப் பேசும்போது, ‘பேசாம நிறுத்திடுங்க தோழர். நீங்க எம்.ஏ. தமிழ். உங்களவிட நல்லா எந்த டீச்சர் சொல்லித் தரப்போறாங்க?’ என்றார்.

அக்கறையாகத்தான் சொன்னார். கேட்ட உடனே எனக்கு நினைவுக்கு வந்ததோ 1953.

அந்த வருஷம், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் படிக்கணும், மீதி நேரம் வீட்டில் அப்பன் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளணும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் போராடினார். 1954-இல் காமராஜர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. இன்றைக்கு இது பரிட்சையில் ஒரு மார்க் கேள்வி. ஆனால் இதை வீட்டுக் கல்வி பற்றிய கேள்வியாக யோசித்துப் பாருங்கள். அரசாங்கமே முன்வந்து வீட்டைப் பள்ளிக்கூடமாக அறிவித்தது. பாடத்திட்டம் எழுத யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சாதி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. குயவர் பிள்ளைக்குச் சக்கரம், தச்சர் பிள்ளைக்கு உளி. எங்கள் பிள்ளைக்கு என்ன? செத்த மாடு, சாப்பறை, களத்துமேட்டில் கடைசி வரிசை.

பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம் பொருந்தும் என்று கேட்கிறவர்கள், வீடு என்பது ஒரு வெறும் பலகை, நாம் எதை வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். எங்கள் வீட்டுப் பலகையில் முன்னமே எழுத்து இருக்கிறது. அதை அழிக்கத்தான் எங்கள் ஆயாக்கள் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் வந்து, ‘எம்மா, கிளாஸ்லயே நான்தான் நல்லா கூட்டுறேனாம், டீச்சர் சொன்னாங்க’ என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். தினமும் யார் கூட்டுகிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் பெயரைச் சொன்னாள். ஒன்று அவள், இன்னொன்று எங்கள் தெருப் பிள்ளை. மறுநாள் போய்க் கேட்டேன். ‘ஏம்மா, இதுலல்லாமா சாதி பாப்பீங்க? எல்லாப் புள்ளைங்களுந்தான் கூட்டுது’ என்றார் டீச்சர். ‘அப்ப யார் யாரு எந்த நாளுன்னு எழுதி செவுத்துல ஒட்டுங்க டீச்சர்’ என்றேன். இரண்டு வாரம் இழுத்தது. தலைமையாசிரியரைப் பார்த்தோம், எங்கள் தெரு அம்மாக்கள் நாலு பேர் கூட வந்தார்கள். அப்புறம் ஒட்டினார்கள். இதில் என்னைக் குத்தியது துடைப்பம்கூட இல்லை. அதைப் பிள்ளை பாராட்டாக வாங்கிக்கொண்டு வந்ததுதான். ஏழு வயசில் ஒரு பெண் பிள்ளைக்கு அவளுடைய ‘திறமை’ எது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுத்தான் அந்தத் தோழர் நிறுத்தச் சொன்னார். நானும் சும்மா உதறிவிடவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேறு யாருக்காவது பயன்படலாம் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளைகளின் பள்ளிக்கூட உரிமையைப் பேசுகிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பள்ளிக்குப் போகாத பிள்ளை பிறகு எழுத வழிகள் உண்டு. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு இணையான படிகள் இருக்கின்றன, 14 வயது முடிந்தால் பத்தாவது எழுதலாம். அந்தச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்கு ஏற்கப்படுமா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்திருந்தால்தான் மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-இல் வந்த 7.5 சதவீதம். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. தமிழ்வழியில் படித்தவர்க்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, அதற்கான சான்றிதழில் பள்ளித் தலைமை கையெழுத்துப் போடணும். வீட்டில் படித்தால் யார் போடுவது, நானா? காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் வேறு. தோழர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டு இல்லை. எங்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் அதற்குப் பெயர் மாற்றுக் கல்வி. எங்கள் பிள்ளை போகாவிட்டால் இடைநின்றவர் பட்டியலில் ஒரு எண்.

விலைக்குக் கிடைக்கிற பாடத்திட்டங்களையும் பார்த்தேன். பெட்டியில் வருகிறது, படத்தோடு, மரக்கட்டைகளோடு, ஆயிரக்கணக்கில் விலை. மாண்டிசோரி முறை என்று ஒன்று. அந்த அம்மையார் 1907-இல் ரோம் நகரத்தின் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துத்தான் அந்த முறையைக் கண்டுபிடித்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கும் வந்தார். ஏழைப் பிள்ளைகளிடம் கண்டுபிடித்த முறையை இன்று எந்தச் சேரிப் பிள்ளை தொடமுடிகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

பெட்டிப் பாடமோ அரசுப் பாடமோ, சின்ன வகுப்புகளில் ‘நமக்கு உதவுபவர்கள்’ மாதிரி ஒரு பக்கம் வந்துவிடும். டாக்டர், போலீஸ்காரர், தபால்காரர், கடைசியில் துப்புரவுத் தொழிலாளி. என் நாத்தனார் நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிறார். படத்தைப் பார்த்து மகள் கேட்டாள்: ‘எம்மா, அத்தை நமக்கு உதவுறவங்களா? அப்ப அத்தை நாம இல்லியா?’ புத்தகம் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ‘நமக்கு’ என்று போடும்போது அவர்கள் மனதில் யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் முதலில் இந்த ‘நாம்’ யார் என்று பார்ப்பதுதான்.

இப்போது மலைக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை. 2020 ஊரடங்கில் அரிசி, மளிகை எடுத்துக்கொண்டு தோழர்களோடு போனவள், அப்படியே சனி ஞாயிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளாக ஆனேன். சின்ன வகுப்புகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. பத்தொன்பது மாதம் தமிழ்நாடே வீட்டுப் பள்ளிக்கூடமாக இருந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள். சிக்னலுக்குப் பாறை மேல் ஏறி நிற்கிற இடத்தில் அந்தப் பாடம் யாருக்குப் போய்ச் சேரும்? பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள், குச்சிக்கிழங்கு பிடுங்கினார்கள், கடுக்காய் பொறுக்கினார்கள். வீடு எதைச் சொல்லித் தருமோ அதைக் கற்றார்கள்.

அங்கே ஒரு பையன். 2020 ஜூனில் காகிதத்தில் ஒன்றாம் வகுப்பு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே இரண்டாம் வகுப்பு. திறந்தபோது எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அடுத்த வருஷம் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தபோது இவன் மூன்றாம் வகுப்பில் அரும்பு. ஆனால் கடுக்காயை இரண்டு கையாலும் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவான். நான் நூறு வருமுன் அவன் முந்நூறு தாண்டியிருப்பான். எந்தக் காய் பூச்சி விழுந்தது என்று கை படும்போதே தெரியும்.

இதைப் பார்த்ததும் எனக்கும் மற்றவர்களைப் போலத்தான் ஆசை வந்தது. மரம், செடி, கிழங்கு, பாட்டு என்று அவன் வாழ்க்கையிலிருந்தே ஒரு பாடப்புத்தகம் செய்யலாம் என்று. மூலிகைப் பெயர்களை எழுதி நாலு பக்கம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். அவன் அம்மா கைநாட்டு. அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘செடி பேரு நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம் டீச்சரு. அதுக்கு நீ எதுக்கு மலையேறி வர? தாசில்தாரு ஆபீசுல குடுக்கிற மனு இருக்குதே, அத எழுதப் படிக்கச் சொல்லிக் குடு’ என்றார்.

பாடத்திட்டம் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான பேச்சு இது. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. நிலத்துக்கு மனு, சாதிச் சான்றிதழுக்கு மனு, ரேஷன் கார்டுக்கு மனு. எழுதித் தருகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் காசு. அந்தத் தாய்க்குத் தன் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் இருப்பதை வீடு தரும், வீட்டில் இல்லாததைக் கொண்டு வா என்கிறார். மண்ணின் அறிவு, பழங்குடி அறிவு என்று பேசுகிற நாம் அந்த அறிவுக்குள்ளேயே அவர்களை இருந்துகொள்ளச் சொல்கிறோமோ என்று எனக்கு அதற்கப்புறம் ஒரு சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது. 1953-இல் சொன்னதும் ஏறக்குறைய அதே மாதிரி மரியாதையான குரலில்தான்.

ஆக அவனுக்கு நாங்கள் போட்ட பாடம் இதுதான். பெறுநர், அனுப்புநர், பொருள். வங்கியில் பணம் எடுக்கிற சீட்டு. கிலோ, கிராம், தராசு முள். வியாபாரி சொல்கிற விலையைக் கிலோவால் பெருக்கி, அவன் கையில் கொடுக்கிற காசோடு ஒப்பிடுவது. கடுக்காயை ஐந்தைந்தாக எண்ணியவனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு ஒரே நாளில் வந்தது, ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை. இப்போது உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாவது படிக்கிறான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கப்புறம்தான் ஊடகங்களுக்கு இந்த மலை கண்ணில் பட்டது, சாராய வேட்டை என்ற பெயரில். ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலை மக்களின் நிலைமையை வழக்காக எடுத்தது. கருணாபுரத்தில் அப்பனையும் அம்மாவையும் சேர்த்து இழந்த பிள்ளைகள் உண்டு. அரசு அவர்கள் படிப்புச் செலவையும் 18 வயது வரை மாதம் ஐயாயிரத்தையும் அறிவித்தது. அந்தத் தெருவில் நின்றுகொண்டு வீடே சிறந்த பள்ளி என்று யாராவது பேசட்டும், கேட்கிறேன். எந்த வீடு? சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் தொடங்கினார்கள். சாயங்காலம் தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பின்வாசல் வழியாகப் புதிய கல்விக் கொள்கை வருகிறது என்று தோழர்கள் சந்தேகப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வந்த பிரச்சினை வேறு. வகுப்பை எங்கே நடத்துவது? சேரியில் நடத்தினால் ஊர்ப் பிள்ளைகள் வர மாட்டார்கள். ஊரில் மாரியம்மன் கோயில் திண்ணையில் நடத்தினால் எங்கள் பிள்ளைகள் ஏற முடியாது. கடைசியில் பள்ளிக்கூட வராந்தாவிலேயே நடத்தினோம். இல்லத்தைத் தேடிப் போன கல்வி இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஓர் இல்லம் கிடைக்காமல் பள்ளிக்கே திரும்பி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை நான் விட்டுக்கொடுக்காததற்கு இதுவும் காரணம். எத்தனை குறை இருந்தாலும் அந்த வராந்தாவில் என் மகள் ஊர்ப் பிள்ளையின் தோளில் இடித்துக்கொண்டு உட்காருகிறாள்.

அமெரிக்காவில் 2020-இல் கறுப்பினக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பெருமளவில் பள்ளியிலிருந்து எடுத்தன. அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை கணக்குப்படி, வீட்டில் படிக்கவைக்கும் கறுப்பினக் குடும்பங்கள் அந்த வசந்தத்தில் 3.3 சதவீதம், இலையுதிர் காலத்தில் 16.1 சதவீதம். நோய் ஒரு காரணம். பள்ளியில் தங்கள் பிள்ளைகளை நடத்துகிற விதமும் ஒரு காரணம் என்று பல தாய்மார்கள் சொன்னார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் வரலாற்றிலேயே எனக்கு நெருக்கமாகப் படுவது 1964 கோடையில் மிசிசிப்பியில் நடந்த விடுதலைப் பள்ளிகள். மாதா கோயில்களிலும் வீடுகளிலும் 40-க்கும் மேற்பட்ட பள்ளிகள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. பள்ளி சொல்லித் தராததற்கென்று தங்களுக்கே ஒரு பாடத்திட்டம் எழுதிக்கொண்டார்கள். தங்கள் வரலாறு, ஓட்டுரிமை, பிறகு ஏன் இப்படி இருக்கிறோம் என்ற கேள்விகள்.

நானும் அப்படித்தான் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டேன். ராத்திரி ஏழு முதல் எட்டு. பள்ளிக்கூடம் பகலுக்கு, இது எங்களுக்கு.

இரண்டு நோட்டு. ஒன்று பள்ளி நோட்டு, அதில் ‘தந்தை’ என்று எழுதுவாள். இன்னொன்றில் ‘நைனா’ என்றே எழுதுவாள். அதை யாரும் சிவப்பு மையில் வெட்டக்கூடாது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்கள் பேச்சை வழக்கு என்றும் கொச்சை என்றும் வகை பிரித்துப் படித்தேன். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்து அந்த வகையைக் கலைத்துப் போட்டது. என் மகள் அந்த நூலைப் படிக்க இன்னும் பல வருஷம் ஆகும். ஆனால் தன் பேச்சைத் தாளில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளட்டும். எந்த இடத்தில் எந்த நோட்டு என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பரிட்சையில் நைனா என்று எழுதிவிட்டு வந்து நியாயம் பேசினால் மார்க் வராது.

கணக்கு என் ஆயாவிடமிருந்து. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பள்ளிக்கூடம் பார்க்காத ஆயாவுக்கு இது அத்துப்படி. ஏனென்றால் களத்தில் கூலி அளக்கிற மரக்கால் ஒன்று, பண்ணையார் வீட்டுக்கு அளக்கிற மரக்கால் வேறொன்று. ‘அவங்க தலையத் தட்டி அளப்பாங்க, நாம கோபுரமா அளக்கணும்னு சண்ட போடுவோம்’ என்பார். எத்தனை மூட்டை அறுத்தோம், எத்தனை படி குறைந்தது என்று வாய்க்கணக்காகவே சொல்வார். மகளுக்கு இதைச் சொன்னபோது சமையலறையிலிருந்து இரண்டு டம்ளரை எடுத்து வந்து, ஒன்றின் அடியில் துணியை வைத்து அடைத்து, ‘இதுதான் அவங்க மரக்காலா?’ என்று அளந்து காட்டினாள். பின்னம் அவளுக்கு அங்கே புரிந்தது. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் முகம் சுருங்குகிற பிள்ளை, கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் விடமாட்டாள். அவளுக்கு அது ஏற்றது. எதிர்வீட்டுப் பையனுக்குக் கதைதான் வேண்டும், டம்ளரைப் பார்த்தால் தூக்கம் வருகிறது. ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே பாடம் என்று போட்டால் நாமும் பெட்டிக்காரர்கள் மாதிரிதான்.

சாதியை எப்போது சொல்வது? இதுதான் தோழர்கள் அதிகம் சண்டை போடுகிற இடம். ‘சின்னப் புள்ள மனசுல எதுக்கு இப்பவே?’ என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அம்பேத்கரும் அயோத்திதாசரும் தமிழ்ப் பாடமாக வருவது எட்டாம் வகுப்பில். இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான், நான் படித்த காலத்தில் அயோத்திதாசரை எம்.ஏ.யில்கூட யாரும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு அது பதின்மூன்று வயசு. துடைப்பம் ஏழு வயசில் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டால், டீச்சர் சொன்னதுதான் அவளுக்குச் சாதி பற்றிய முதல் பாடம். நான் ரொம்பச் சுருக்கமாகச் சொன்னேன். நம்மைக் கூட்டச் சொல்வதற்கு என்று ஒரு ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறார்கள், அது பொய், உனக்குக் கூட்ட வருகிறது என்றால் அந்தப் பையனுக்கும் வரும் என்று. ‘அவனுக்கு வரல, மூலையில விட்டுடுறான்’ என்றாள். ‘அப்ப அவனுக்கு நீ சொல்லிக் குடு’ என்றேன்.

இதில் எனக்குத் துணை அம்பேத்கர் வீடுதான். அவருடைய அப்பா ராம்ஜி ராணுவத்தில் இருந்தவர், கபீர் பந்தி. வீட்டில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் தானே சொல்லிக் கொடுத்தார். பள்ளியில் கோணித் துணி மேல் தனியாக உட்காரவைத்த பிள்ளைக்கு வீட்டில் இந்தப் படிப்பு. பள்ளியை விட்டு அவர் எடுக்கவில்லை. சமஸ்கிருதம் சொல்லித் தர மறுத்தபோது பாரசீகம் எடுக்கவைத்துப் படிப்பைத் தொடர்ந்தார்கள். ஆனால் அதே வீட்டில் பாரதமும் ராமாயணமும் பிள்ளைகள் வாசிக்கணும் என்று கட்டாயம். 1956 ஏப்ரலில் தன் புத்தர் நூலுக்கு எழுதிய முன்னுரையில் அம்பேத்கர் இதை நினைவுகூர்கிறார். பார்ப்பனரையும் சத்திரியரையும் உயர்த்தி நம்மைத் தாழ்த்துகிற கதைகளை ஏன் வாசிக்கச் சொல்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டாராம். துரோணர், கர்ணன் இவர்களெல்லாம் கீழிருந்து மேலே வந்தவர்கள், வால்மீகியும் அப்படித்தான், தாழ்வு மனப்பான்மை போகட்டும் என்றுதான் என்று அப்பா பதில் சொன்னார். மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. பிறகு தேர்வில் தேறியதற்காகச் சாதி மக்கள் கூட்டம் போட்டபோது கேளுஸ்கர் கையிலிருந்து ஒரு புத்தர் வரலாற்று நூல் கிடைத்தது.

ராம்ஜி தேர்ந்தெடுத்த பாடத்தில் பாதியை மகன் நிராகரித்தார். அந்த வீட்டில் அப்படிக் கேட்க முடிந்தது. அப்பா அடிக்கவில்லை, பதில் சொன்னார். என் மகள் இந்த ஒரு மணி நேரத்தில் எதையெதைப் பின்னால் தூக்கி எறிவாள் என்று எனக்குத் தெரியாது. நான் வைத்திருக்கிற அம்பேத்கர் படத்தையேகூட ஒரு நாள் கேள்வி கேட்பாள். கேட்கட்டும்.

தீராத ஒன்று இருக்கிறது. பறை. என் மாமனார் சாவுக்குப் பறையடித்தவர். எங்கள் பக்கம் இனி அடிப்பதில்லை என்று இளைஞர்கள் முடிவெடுத்த காலத்தில் அவரும் விட்டார், கருவியைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். அதற்காக ஊரில் கூலி வேலை நின்று இரண்டு வருஷம் கஷ்டப்பட்டார்கள். இன்றைக்குப் பறை மேடையேறிவிட்டது. சென்னையில் பயிற்சி வகுப்பு, கட்டணம் கட்டி எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்கிறார்கள். ஒரு மாநாட்டில் பெண்கள் குழு ஆடிக்கொண்டே அடித்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகள், ‘எனக்கும் வேணும். தாத்தாவுக்குத் தெரியுமில்ல?’ என்று நிற்கிறாள்.

1953-இல் அரசாங்கம் வீட்டில் கற்றுக்கொள் என்று சொன்னது இந்தத் தொழிலைத்தான். இதை மறுப்பதற்கு அவர் கொடுத்த விலையும் எங்களுக்குத் தெரியும். கலை என்று சொல்லிச் சுலபமாகத் தாண்டிவிட என்னால் முடியவில்லை. மேடையில் அடிப்பவளுக்குக் கைதட்டல், அதே தோலைச் சாவு வீட்டில் அடிப்பவனுக்கு இன்னமும் தூரத்திலிருந்து ஊற்றுகிற தண்ணீர். வீட்டுக்காரர், அவள் ஆசைப்பட்டதுதானே, கட்டாயமில்லையே என்கிறார். அதுவும் சரிதான். முடிவு என் கையில் இல்லை என்று மாமனாரிடமே விட்டுவிட்டேன்.

அவர் முதலில், ‘நான் உட்டத நீ எடுக்காத பாப்பா’ என்றார். பிள்ளை விடவில்லை. அப்புறம், ‘பத்தாவது முடிச்சிட்டு வா, பாக்கலாம்’ என்றார். அவள் நாலாவது என்றாள். இரண்டு பேரும் தினமும் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். போன வாரம் அவர் ஒன்பதாவது வரைக்கும் இறங்கி வந்திருந்தார். இவள் ஆறாவதில் நிற்கிறாள்.